முதல் ஸ்கேனில் 6 மில்லிமீட்டர், அடுத்ததில் 14: என் தோள் கிழிசல் வளர்ந்துவிட்டதா?

நூலகம் ஒன்றில் பணிபுரியும் 56 வயது வாசகி ஒருவர், ஓராண்டுக்கு மேலாகத் தம்மை வருத்தும் வலது தோள்பட்டை வலியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். வலக்கைப் பழக்கம் உள்ளவர். மேல் அடுக்குகளில் புத்தகம் வைத்து எடுக்கும்போதும், இரவில் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கும்போதும் வலி கூடுகிறது. ஒன்பது மாதங்களுக்கு முன் எடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் 'சுப்ராஸ்பைனேடஸ் தசைநாணில் பகுதிக் கிழிசல், 6 மி.மீ.' என்று வந்திருக்கிறது. அதன்பின் பிசியோதெரபி பயிற்சிகளை ஒழுங்காகச் செய்துவந்திருக்கிறார். அண்மையில் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையோ 'முழுத்தடிமன் கிழிசல், முன்பின் அகலம் 14 மி.மீ., பின்வாங்கல் 12 மி.மீ., தசையில் கொழுப்பு ஊடுருவல் 1-ஆம் நிலை, அக்ரோமியனுக்கும் மேற்கை எலும்புக்கும் இடையே 6.5 மி.மீ.' என்கிறது. ஒப்பிடுவதற்காக எடுத்த இடது தோளின் அல்ட்ராசவுண்டில், வலியே இல்லாத அந்தத் தோளிலும் ஒரு சிறு பகுதிக் கிழிசல் தெரிந்திருக்கிறது.

ஒரு மருத்துவர் தாமதிக்காமல் அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொல்கிறார். இன்னொருவர் மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டுப் பார்க்கலாம் என்கிறார். 'பயிற்சி செய்ததால்தான் 6 என்பது 14 ஆனதா? தசைநாண் முழுவதும் அறுந்துவிட்டதா? 6.5 மி.மீ. இடைவெளி என்றால் எலும்பைச் சீவ வேண்டுமா? இடது தோளுக்கும் அறுவை தேவையா? இருவரில் யார் சொல்வதைக் கேட்பது?' என்பவை அவருடைய கேள்விகள். கடிதத்தின் கடைசிப் பத்தியில், போகிற போக்கில், இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: இரண்டு மாதங்களுக்கு முன் படியில் கால் வழுக்கியபோது வலக்கையால் கைப்பிடியை எட்டிப் பிடித்தார், தோளில் சுளீரென்று ஒரு வலி, அன்றிலிருந்து தலை பின்னுவதற்கு வலக்கையை இடக்கையால் தாங்கித் தூக்க வேண்டியிருக்கிறது.

அன்புள்ள வாசகிக்கு,

அறிக்கைகளை வரி பிசகாமல் எடுத்து எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு குறிப்பாகப் பதில் சொல்ல முடிகிறது. உங்களை நேரில் பரிசோதிக்காமலும் படங்களைப் பார்க்காமலும் எழுதுகிறேன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். நீங்கள் அதிகம் அஞ்சும் எண்கள் அவ்வளவு அச்சத்துக்கு உரியவை அல்ல. கடைசிப் பத்தியில் ஒதுக்கிவைத்த அந்த ஒரு சம்பவத்துக்குத்தான் நீங்கள் கூடுதல் முக்கியத்துவம் கொடுத்திருக்க வேண்டும். இரண்டையும் பற்றிச் சொல்கிறேன்.

6-ஐயும் 14-ஐயும் கழித்துப் பார்க்க முடியாது

சுப்ராஸ்பைனேடஸ் தசைநாண் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள பட்டையாக மேற்கை எலும்பின் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு கிழிசலை மூன்று திசைகளில் அளக்கலாம்: மேலிருந்து கீழாக எவ்வளவு ஆழம், முன்னிருந்து பின்னாக எவ்வளவு அகலம், ஒட்டியிருந்த இடத்திலிருந்து உள்நோக்கி எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது. பகுதிக் கிழிசல்களுக்குப் பொதுவாக ஆழத்தைத்தான் முதலில் பார்க்கிறோம், 3 மி.மீ.க்குக் குறைவு, 3 முதல் 6 வரை, 6-க்கு மேல் என்று அதைப் பிரிப்பது வழக்கம். கடைசி வகை, தடிமனில் பாதிக்கு மேல் போய்விட்ட கிழிசல். முழுத்தடிமன் கிழிசல்களுக்கு அகலமும் பின்வாங்கலும்தான் அளவு. உங்கள் முதல் அறிக்கை '6 மி.மீ.' என்று மட்டும் சொல்கிறது, எந்தத் திசையில் என்று சொல்லவில்லை. இரண்டாவது அறிக்கையின் 14, முன்பின் அகலம் என்று தெளிவாக இருக்கிறது. முதலாவது ஆழத்தைக் குறித்திருந்தால், இந்த இரண்டு எண்களும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. அப்படியானால் ஒன்பது மாதங்களுக்கு முன்பே தடிமனில் பெரும்பகுதி கிழிந்திருந்தது என்றுதான் பொருள்.

திசை ஒன்றாகவே இருந்தாலும் கருவி வேறு. அல்ட்ராசவுண்டில், கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பில் வைக்கச் சொல்லி, தசைநாணை இழுத்து நீட்டிய நிலையில் பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ.யில் நீங்கள் மல்லாந்து படுத்திருப்பீர்கள், கை உடலோடு ஒட்டித் தளர்ந்து கிடக்கும். இழுபட்ட நிலையில் வாய் திறந்து தெரியும் கிழிசல், தளர்ந்த நிலையில் வேறு அளவில் தெரியும். எம்.ஆர்.ஐ. படங்கள் பெரும்பாலும் 3 அல்லது 4 மி.மீ. தடிமனுள்ள துண்டுகளாக எடுக்கப்படுகின்றன; கிழிசலின் ஓரம் ஒரு துண்டின் நடுவில் விழுந்தால் அதை அதற்குள் சேர்ப்பதா வெளியே விடுவதா என்பது அளப்பவரின் முடிவு. ஒரே படத்தை இரண்டு ரேடியாலஜிஸ்டுகள் அளந்தாலும் சில மில்லிமீட்டர் வேறுபடுவது எங்களுக்கு அன்றாட அனுபவம். அதனால்தான், கிழிசல்கள் வளர்கின்றனவா என்று ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், ஒரே முறையில் அளந்தும்கூட 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடினால்தான் 'வளர்ச்சி' என்று கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

இதோடு இன்னொரு சிக்கல். முழுத்தடிமன் கிழிசலைக் கண்டுபிடிப்பதில் அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் ஏறக்குறைய சமமான திறன் கொண்டவை. ஆழமான பகுதிக் கிழிசலுக்கும் சிறிய முழுத்தடிமன் கிழிசலுக்கும் இடையே கோடு கிழிப்பதில் இரண்டுமே தடுமாறும். எம்.ஆர்.ஐ.யில், தசைநாணின் நார்கள் காந்தப்புலத்துக்கு ஏறத்தாழ 55 பாகைக் கோணத்தில் வளையும் இடத்தில், கிழிசல் இல்லாமலே வெளுப்பாகத் தெரியும் ஒரு தோற்றப் பிழையும் உண்டு; சுப்ராஸ்பைனேடஸ் வளையும் இடம் அதற்கு நன்றாகவே வாய்ப்புள்ளது. உங்களுக்கு 12 மி.மீ. பின்வாங்கலும் சொல்லப்பட்டிருப்பதால் இப்போதுள்ள கிழிசல் வெறும் தோற்றப் பிழை அல்ல என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது எப்போது முழுத்தடிமன் ஆனது என்பதை இந்த இரண்டு அறிக்கைகளை மட்டும் அருகருகே வைத்துச் சொல்ல இயலாது.

ஆகவே, 'பயிற்சிதான் கிழித்துவிட்டது' என்ற முடிவுக்கு உங்கள் ஆவணங்களில் ஆதாரம் இல்லை. பிசியோதெரபி நிபுணர் மீது ஏற்பட்டிருக்கும் மனவருத்தத்தை விட்டுவிடலாம்.

'முழுத்தடிமன்' என்றால் முழுவதும் அறுந்தது அல்ல

ஒரு போர்வையில் மேலிருந்து கீழ்வரை ஊடுருவி ஓர் ஓட்டை விழுந்திருக்கிறது. போர்வை இரண்டாகக் கிழிந்துபோகவில்லை. ரோட்டேட்டர் கஃப் எனப்படும் தொகுதியில் சுப்ராஸ்பைனேடஸ், இன்ஃப்ராஸ்பைனேடஸ், டெரஸ் மைனர், சப்ஸ்கேபுலாரிஸ் என்று நான்கு தசைகளின் நாண்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. 14 மி.மீ. ஓட்டைக்கு இருபுறமும் உள்ள நார்கள் இன்னும் சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கக்கூடும். பரவலாகப் பயன்படும் வகைப்பாட்டில் 1 செ.மீ.க்குக் கீழ் சிறியது, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3 முதல் 5 வரை பெரியது, 5-க்கு மேல் மிகப் பெரியது. உங்களுடையது நடுத்தர வகையின் கீழ்ப்பகுதியில் வருகிறது.

நீங்கள் கேட்காமல் விட்ட எண்

கடிதத்தில் கொழுப்பு ஊடுருவல் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அறுவையைப் பற்றி யோசிக்கும் மருத்துவர் அறிக்கையில் முதலில் தேடுவது பெரும்பாலும் அதைத்தான். நாண் எலும்பிலிருந்து விலகி, தசை வேலையின்றிச் சுருங்கிக் கிடந்தால், காலப்போக்கில் தசைநார்களுக்கிடையே கொழுப்பு படிகிறது. இதை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் முறையை 1994-இல் பிரான்ஸைச் சேர்ந்த கூட்டாலியே குழுவினர் சி.டி. ஸ்கேனுக்காக உருவாக்கினார்கள், பின்னர் அது எம்.ஆர்.ஐ.க்கும் பொருத்தப்பட்டது. 0 என்றால் கொழுப்பே இல்லை. 1 என்றால் அங்கங்கே கொழுப்புக் கீற்றுகள். 2 என்றால் கொழுப்பு குறிப்பிடத்தக்க அளவில் இருந்தாலும் தசையே அதிகம். 3-இல் இரண்டும் சமம். 4-இல் கொழுப்பே மிகுதி.

நீங்கள் 1-ஆம் நிலையில் இருக்கிறீர்கள். தசை உயிர்ப்போடு இருக்கிறது என்பதே அதன் பொருள். நாணைத் தைத்தால் அது ஒட்டிப் பிடிப்பதற்கும், பயிற்சியால் வலுப்பெறுவதற்கும் இது சாதகமான நிலை. 3, 4 ஆகிய நிலைகளுக்குப் போய்விட்ட தசை, நாணைத் தைத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. தைத்த இடம் மறுபடி கிழியும் வாய்ப்பும் கூடுகிறது. எனவே உங்கள் அறிக்கையிலேயே ஆறுதலான வரி இதுதான். காலவரையின்றித் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கான காரணமும் இதிலேயே அடங்கியிருக்கிறது. 12 மி.மீ. பின்வாங்கலையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்: நாணின் முனை தோள்குழி வரை போய்விடவில்லை, எட்டிப் பிடித்துத் தைக்கும் தூரத்திலேயே இருப்பதாகத் தெரிகிறது.

6.5 மி.மீ. இடைவெளியும் எலும்பைச் சீவுவதும்

அக்ரோமியன் என்பது தோளின் கூரையாக நீண்டிருக்கும் எலும்பு. நின்றநிலையில் எடுத்த எக்ஸ்ரேயில், அதற்கும் கீழேயுள்ள மேற்கை எலும்பின் தலைக்கும் இடையே பொதுவாக 7 முதல் 14 மி.மீ. வரை இருக்கும். உங்களுக்குச் சொல்லப்பட்ட 6.5, படுத்தநிலையில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் அளந்தது. படுத்திருக்கும்போது கையின் எடை எலும்பைக் கீழே இழுப்பதில்லை. எக்ஸ்ரேயில் நிழல் சற்றுப் பெரிதாகி விழுவது போன்ற உருப்பெருக்கமும் இதில் இல்லை. அதனால் எம்.ஆர்.ஐ. அளவு எக்ஸ்ரே அளவைவிடக் குறைவாக வருவது இயல்பு. எக்ஸ்ரேக்கான எல்லைக்கோட்டை எம்.ஆர்.ஐ. எண்ணுக்கு வைத்துப் பார்த்து அஞ்ச வேண்டாம். நின்றநிலையில் ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்துவிட்டால் இந்த ஐயம் தீர்ந்துவிடும்.

உண்மையிலேயே இடைவெளி குறைந்திருந்தாலும், அது பெரும்பாலும் கிழிசலின் விளைவு. கஃப் தசைகள்தாம் எலும்புத் தலையைக் குழியின் நடுவில் அழுத்திப் பிடிக்கின்றன. அவை தளர்ந்தால் தலை மேலேறுகிறது. கூரையைச் சீவுவதால் தலை கீழிறங்கிவிடாது. கிழிசல் முழுத்தடிமனாக இல்லாத தோள்வலிக்காரர்களிடம், எலும்பைச் சீவும் அறுவையை, உள்ளே கருவியை விட்டுப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்ட அறுவையோடு ஒப்பிட்டு பிரிட்டனிலும் பின்லாந்திலும் நடந்த ஆய்வுகளில், சீவியதால் நோயாளிக்கு உணரத்தக்க கூடுதல் பயன் கிடைக்கவில்லை. நாணைத் தைக்கும்போது தேவைப்பட்டால் உடன் செய்யும் சிறு சீரமைப்பு வேறு விஷயம், 6.5 என்ற எண்ணை மட்டும் காட்டி எலும்பைச் சீவலாம் என்று யாராவது சொன்னால், காரணம் கேளுங்கள்.

இடது தோள்

வலி இல்லை, வலுக்குறைவு இல்லை என்றால் அதை விட்டுவிடுங்கள். தோள்வலியே இல்லாத 96 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 1995-இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், 34 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு வகைக் கிழிசல் இருந்தது. 60 வயதைக் கடந்தவர்களில் இது 54 விழுக்காடு. ஒரு தோளில் கிழிசல் உள்ளவருக்கு மறுதோளிலும் இருப்பது வயது கூடக்கூடச் சாதாரணமாகிவிடுகிறது. வலியில்லாத தோளுக்கு 'ஒப்பிட்டுப் பார்க்க' என்று ஸ்கேன் எடுக்கும் பழக்கத்தின் மீது எனக்குப் பெரிய மரியாதை இல்லை. தீர்வதைவிட அதிகமான கவலையையே அது உண்டாக்குகிறது. அந்தத் தோளில் புதிதாக வலி தொடங்கினால் மட்டும் காட்டுங்கள், ஏனெனில் அமைதியாக இருந்த கிழிசல் வலிக்கத் தொடங்குவது சில நேரம் அது வளர்வதோடு சேர்ந்து வருகிறது.

படியில் வழுக்கிய நாள்

இப்போது அந்தக் கடைசிப் பத்திக்கு வருகிறேன். இரண்டு மருத்துவர்களும் முரண்படுவதாக நீங்கள் நினைக்கிறீர்கள். அவர்கள் இருவேறு நோயாளிகளைப் பற்றிப் பேசியிருக்கலாம் என்பது என் ஊகம். இந்தச் சம்பவத்தை இருவரிடமும் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை.

அடிபடாமல், நாள்போக்கில் தேய்ந்து உண்டான முழுத்தடிமன் கிழிசலுக்கு முதலில் பயிற்சி என்பது நல்ல அணுகுமுறை. அமெரிக்காவில் பல மையங்கள் சேர்ந்து இத்தகைய 452 பேரைத் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குள் அறுவைக்குப் போனவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு; போனவர்களில் பெரும்பாலோர் முதல் 12 வாரங்களுக்குள் அந்த முடிவை எடுத்திருந்தார்கள். அதே குழுவினர் பார்த்தபோது, கிழிசலின் அளவுக்கும் வலியின் அளவுக்கும் தொடர்பு இருக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள் என்ற மருத்துவர் இந்த அடிப்படையில் பேசியிருப்பார்.

ஆனால் ஒரு திடீர் இழுப்புக்குப் பிறகு, அதுவரை தூக்க முடிந்த கையைத் தூக்க முடியாமல் போனால் கணக்கு மாறுகிறது. ஏற்கெனவே நைந்திருந்த நாண் அன்று மேலும் கிழிந்திருக்கலாம். புதிதாக, அடிபட்டு ஏற்பட்ட கிழிசலில், கை வலுவிழந்திருந்தால், தசை சுருங்கிக் கொழுப்பு படிவதற்கு முன்னரே தைப்பதைப் பற்றி நாங்கள் தீவிரமாக யோசிக்கிறோம். பல மாதங்கள் காத்திருப்பதை அங்கே விரும்புவதில்லை. இரண்டு மாதங்கள் ஏற்கெனவே கழிந்துவிட்டன. பதற்றப்பட்டு நாளைக்கே அறுவைக்குப் போக வேண்டியதில்லை. அடுத்த ஓரிரு வாரங்களுக்குள் தோள் சிகிச்சையில் தேர்ந்த ஒருவரிடம் நேரில் காட்டிவிட வேண்டும்.

அங்கே படத்தைவிட உங்கள் கைதான் பேச வேண்டும். கையைப் பக்கவாட்டில் உயர்த்திப் பிடிக்கச் சொல்லி மருத்துவர் மெல்ல அழுத்திப் பார்ப்பார். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை வெளிப்புறமாகத் திருப்பி விட்டுவிட்டு, அது அங்கேயே நிற்கிறதா அல்லது தானாக உள்ளே சரிகிறதா என்று பார்ப்பார். சரிந்தால் கிழிசல் பின்பக்கமுள்ள இன்ஃப்ராஸ்பைனேடஸ் வரை போயிருக்கலாம். உள்ளங்கையால் வயிற்றை அழுத்தச் சொல்வது சப்ஸ்கேபுலாரிஸைச் சோதிப்பதற்காக. நீங்களே தூக்க முடியாத கையை மருத்துவர் தூக்கினால் முழுமையாக மேலே போகிறதா என்பதும் முக்கியம். அவர் தூக்கியும் போகவில்லை என்றால் தோள் இறுக்கம் சேர்ந்திருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு அது அதிகம் வரும், அதற்கான வழி வேறு. வலியால் தூக்க முடியவில்லையா, வலு இல்லாததால் தூக்க முடியவில்லையா என்று பிரித்தறிய, உணர்விழப்பு மருந்தை மூட்டுக்கு மேலுள்ள இடத்தில் செலுத்திவிட்டு மறுபடி சோதிப்பதும் உண்டு. கழுத்து நரம்பு அழுத்தத்தாலும் இதே போன்ற பலவீனம் வரக்கூடும் என்பதால் கழுத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரு வழிகளின் நிறை குறை

வலு உண்மையிலேயே குறைந்திருப்பது தெரியவந்தால், உங்கள் வயது, பழகிய கை, 1-ஆம் நிலைத் தசை, எட்டும் தூரத்தில் இருக்கும் நாண், கையை உயர்த்திச் செய்ய வேண்டிய வேலை ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்க்கையில், தைப்பதன் பக்கமே என் மனம் சாய்கிறது. அதன் விலையையும் அறிந்துகொள்ளுங்கள். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் கை தூளியில் இருக்கும். கனமான பொருளைத் தூக்கவோ மேல் அடுக்கில் வேலை செய்யவோ பல மாதங்கள் ஆகும். இறுக்கம், அரிதாகக் கிருமித்தொற்று, தைத்த இடம் மீண்டும் கிழிதல் ஆகியவை ஏற்படலாம். மறுகிழிசல் வயதோடும் கிழிசலின் அளவோடும் கூடுகிறது. இருந்தும், ஸ்கேனில் மறுகிழிசல் தெரியும் பலர் வலி குறைந்து நன்றாகவே இருக்கிறார்கள். எண்ணும் அனுபவமும் பொருந்தாமல் போவது இங்கேயும் உண்டு.

வலு பெருமளவு சரியாகவே இருந்து, வலிதான் தடுக்கிறது என்று தெரிந்தால், 12 வாரப் பயிற்சிக்குப் பிறகு முடிவெடுப்பதில் தவறில்லை. அதன் இடர், கிழிசல் மெல்ல வளர்வதும் தசையில் கொழுப்பு கூடுவதும். அதைக் கண்காணிக்க ஒவ்வொரு மாதமும் ஸ்கேன் தேவையில்லை. ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் ஒரு முறை போதும். அதை அதே வகை ஸ்கேனாக, இயன்றால் அதே மையத்தில் எடுத்து, பழைய படங்களை உடன் கொடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். இடையில் திடீரென வலு குறைந்தால் அந்தத் தவணைக்குக் காத்திருக்க வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது அறிக்கைத் தாளோடு நிறுத்திக்கொள்ளாமல், குறுந்தகட்டிலோ இணைப்பாகவோ உள்ள முழுப் படங்களையும் கொண்டுபோங்கள். அவற்றைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம், அவை உங்கள் உடலின் படங்கள். முதல் அல்ட்ராசவுண்டின் படங்கள் கிடைத்தால், அந்த 6 மி.மீ. எந்தத் திசையில் அளந்தது என்பதையும் பார்த்துச் சொல்லிவிடலாம். வழுக்கிய தேதியை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். 'கிழிசல் இன்ஃப்ராஸ்பைனேடஸுக்குள் போகிறதா, கொழுப்பு நிலை எந்தத் தசைக்குச் சொல்லப்பட்டது, நான் காத்திருந்தால் எதை இழப்பேன்' என்ற மூன்றையும் கேளுங்கள்.

அதுவரை மேல் அடுக்கு வேலையை வேறொருவரிடம் விடுங்கள். கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது, மறுகையின் துணையோடு வலியில்லாத எல்லை வரை உயர்த்துவது போன்றவற்றைத் தொடரலாம், எடை வைத்துச் செய்யும் பயிற்சிகளை நிறுத்திவையுங்கள். வலிக்காக யாராவது ஸ்டீராய்டு ஊசி போட முன்வந்தால், அறுவை வேண்டுமா என்பது முடிவாகும் வரை பொறுக்கச் சொல்லுங்கள்: அறுவைக்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் போட்ட ஊசி, கிருமித்தொற்றின் வாய்ப்பைக் கூட்டுகிறது.